ஞானப்பல் எடுக்க எவ்வளவு ஆகும்?

ஞானப்பல்லை எடுக்க ஒரு பல் மருத்துவர் 1,500 ரூபாய் கேட்கிறார். அடுத்த தெருவில் இருப்பவர் 10,000 ரூபாய் கேட்கிறார். இரண்டுமே நியாயமான கட்டணமாக இருக்க முடியும். முழுதாக முளைத்து நேராக நிற்கும் பல்லைக் குறடு போட்டுப் பிடுங்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை. தாடை எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் பல்லை எடுப்பது அறுவை சிகிச்சை. ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி, தையல் போட்டு முடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ‘கடைசிப் பல்லைப் பிடுங்குவது’ என்றுதான் பெயர். அதனால், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போகும் நோயாளி, மருத்துவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறார். சில இடங்களில் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கிறது. எங்கே சரி, எங்கே தவறு என்று பிரித்துப் பார்க்க, கட்டணம் எதனால் கூடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பல் கிடக்கும் விதம்

பெரியவர்களின் 32 பற்களில் கடைசியாக வருபவை ஞானப்பற்கள். மேல்தாடையில் இரண்டு, கீழ்த்தாடையில் இரண்டு. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. உருவான பல்லுக்குத் தாடையில் இடம் போதாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது. பல் பாதி மட்டும் வெளியே தெரியும், அல்லது ஈறுக்கும் எலும்புக்கும் அடியிலேயே தங்கிவிடும். பல் மருத்துவர்கள் இதை ‘இம்பாக்‌ஷன்’ என்கிறார்கள்.

புதைந்த பற்களை அவை சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்து வகைப்படுத்தியவர் ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்கர், ஆண்டு 1926. முன்பக்கம் சாய்ந்தவை, நேராக நிற்பவை, படுக்கை வாட்டில் கிடப்பவை, பின்பக்கம் சாய்ந்தவை என்பன அவற்றில் முக்கியமானவை. கீழ்த்தாடையில் அதிகம் காணப்படுவது முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருக்கும் வகை. பின்பக்கம் சாய்ந்த பல் எக்ஸ்ரேயில் சாதுவாகத் தெரியும். ஆனால் கீழ்த்தாடையில் எடுப்பதற்குப் பொதுவாக மிகக் கடினமானது அதுதான், ஏனென்றால் பல் வெளியே வரவேண்டிய பாதையில் தாடை எலும்பு குறுக்கே நிற்கிறது. 1933-ல் பெல், கிரெகரி என்ற இருவர், பல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதன் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற அளவுகளையும் சேர்த்தார்கள். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் இந்த இரண்டையும் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள். கட்டணமும் இவற்றின் வழியில்தான் ஏறுகிறது.

அமெரிக்காவில் இது ரசீதிலேயே எழுதப்படுகிறது. வெளியே முளைத்த பல்லுக்கு டி7140, அறுவை முறையில் எடுக்கும் பல்லுக்கு டி7210, ஈறு மட்டும் மூடியிருந்தால் டி7220, எலும்பில் பாதி புதைந்திருந்தால் டி7230, முழுக்கப் புதைந்திருந்தால் டி7240 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. எண் ஏற ஏறக் கட்டணமும் பொதுவாக ஏறும். தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் அப்படிப்பட்ட பொதுப் பட்டியல் எதுவும் நடைமுறையில் இல்லை. ‘சிம்பிள்’, ‘சர்ஜிகல்’, ‘இம்பாக்‌ஷன்’ என்ற மூன்று சொற்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. தன் பல் எந்த வகையில் சேருகிறது, ஏன் சேருகிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு முழுமையாக இருக்கிறது. இதைக் கேட்கத் தயங்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மேல்தாடைப் பல் பெரும்பாலும் மலிவாக முடியும். அங்கே எலும்பு மென்மையானது. எடுக்கும்போது சைனஸ் அறையோடு திறப்பு ஏற்படும் வாய்ப்பு உண்டு, அது அரிது. ‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்’ என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னும் பலமாக இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. இதை நம்பிக் கிராம்புத் தைலத்தையும் வலி மாத்திரையையும் வைத்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள், கடைசியில் சீழ் கட்டிய நிலையில் வரும்போது செலவு கூடித்தான் போகிறது.

எடுத்தே ஆக வேண்டுமா?

தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதே இதில் பெரிய சிக்கனம். எனவே ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு முன்னால் ‘ஏன்’ என்ற கேள்வி வர வேண்டும்.

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் நிறுவனம் 2000 மார்ச்சில் இதற்கு வெளிப்படையான பதில் சொன்னது. நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றது. சரிசெய்ய முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லின் வேர் அரிப்பு போன்றவை இருந்தால் எடுக்கலாம். பாதி முளைத்த பல்லைச் சுற்றி ஈறு வீங்கி வலிப்பது முதல் தடவை என்றால், அது மிகக் கடுமையாக இருந்தாலொழிய அதை மட்டும் காரணமாகக் கொள்ளக் கூடாது; மறுபடி வந்தால் எடுக்கலாம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தாடை அறுவை மருத்துவர்களின் சங்கம் இளம் வயதிலேயே எடுத்துவிடுவதை ஆதரித்து வந்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுகின்றன, அதற்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது, அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றவை என்று 2007-ல் ஜே ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் எழுதினார்.

ஆனால் ‘வலிக்கும்வரை தொடாதே’ என்று விட்டுவிடுவதும் சரியல்ல. முன்பக்கம் சாய்ந்த பல்லுக்கும் பக்கத்துக் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் உணவு சிக்கிக்கொண்டே இருக்கும். பிரஷ் அங்கே எட்டாது. சில ஆண்டுகளில் நல்ல பல்லின் பின்பக்கம் சொத்தையாகும். பிரிட்டனில் விதி மாறிய பிறகு இப்படிக் கெட்டுப்போன கடைவாய்ப்பற்களோடு வந்தவர்கள் கூடினார்கள் என்று அங்குள்ள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பல்லைக் காப்பாற்ற ரூட் கெனாலும் மேலே ஒரு கேப்பும் தேவைப்பட்டால், ஞானப்பல்லை எடுக்க ஆகும் அளவுக்கோ அதற்கு மேலோ அதற்குச் செலவாகும். காப்பாற்ற முடியாவிட்டால் மெல்ல உதவும் முக்கியமான பல் ஒன்று போய்விடும். வலி இல்லை, ஆனால் பல் சாய்ந்திருக்கிறது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரேயும் எடுத்துக் கண்காணிப்பது நடுவழி. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

‘ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் கோணலாகிவிடும்’ என்ற காரணம் பல கிளினிக்குகளில் சொல்லப்படுகிறது. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக நான்கு பற்களையும் எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நல்லது.

வயதும் செலவோடு சம்பந்தப்பட்டது. வேர் முழுதாக வளரும் முன், அதாவது இருபதை ஒட்டிய வயதில், எலும்பு இளகியிருக்கும். பல் எளிதில் வரும், புண்ணும் வேகமாக ஆறும். முப்பது தாண்டினால் எலும்பு இறுகி, வேலை நேரமும் சிக்கலும் கூடும். எடுத்தாக வேண்டிய பல் என்று உறுதியானால் தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை.

பில்லில் என்ன இருக்கும்

முதலில் எக்ஸ்ரே. ஒரு பல்லை மட்டும் காட்டும் சிறிய படத்துக்கு 150 முதல் 300 ரூபாய் ஆகலாம். இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. சுமார் 400 முதல் 800 ரூபாய். ஞானப்பல்லுக்கு அவசியமானது பெரும்பாலும் இதுதான். சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் ஆயிரம் ரூபாயில் தொடங்கி மூன்றாயிரம் வரை போகும். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் தாடை முனைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஓ.பி.ஜி.யில் பல்லின் வேர் அந்த நரம்புக் குழாயைத் தொடுவதுபோல் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் பயனுள்ளது. மேல்தாடைப் பல்லுக்கும், நரம்பிலிருந்து தள்ளி இருக்கும் பல்லுக்கும் வழக்கமாக அது வேண்டியதில்லை.

அடுத்தது மருத்துவர். முளைத்த பல்லை பி.டி.எஸ். படித்த எந்தப் பல் மருத்துவரும் எடுக்கலாம். ஆழமாகப் புதைந்ததை, வாய், முகத் தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவரிடம் விடுவதே வழக்கம். சிறிய கிளினிக்குகளில் இவர்கள் நிரந்தரமாக இருப்பதில்லை. ‘கன்சல்டன்ட்’ ஆகக் குறிப்பிட்ட நாளில் வந்து செய்துவிட்டுப் போவார்கள். நோயாளி கொடுக்கும் தொகை கிளினிக்குக்கும் அவருக்கும் பிரிகிறது. கட்டணம் உயர்வதற்கு இது உண்மையான காரணம், இந்தச் செலவை வீண் என்று சொல்ல முடியாது. நரம்புக்குப் பக்கத்தில் வேலை செய்யும் கைக்கு அனுபவம் இருப்பது உதட்டின் உணர்ச்சியைக் காக்கிறது. அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் உண்டு. யார் அறுவை செய்யப்போகிறார், அவருடைய படிப்பு என்ன, மறுநாள் வீங்கினால் யாரிடம் பேசுவது என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, மயக்கம். இந்தியாவில் ஞானப்பற்கள் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியிலேயே எடுக்கப்படுகின்றன. அதில் இருப்பது லிக்னோகெயின். 1943-ல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட மருந்து, விலையும் குறைவு. இதற்குத் தனிக் கட்டணம் போடுவதில்லை. முழு மயக்கம் என்றால் மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், ரத்தப் பரிசோதனைகள், அறை வாடகை எல்லாம் சேர்ந்து செலவு பல மடங்காகிவிடும். நான்கு பற்களும் ஆழமாக இருப்பவர்கள், ஊசியைக் கண்டாலே கட்டுப்படுத்த முடியாத பயம் உள்ளவர்கள், சில உடல்நலச் சிக்கல்கள் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது அவசியப்படுவதில்லை.

இவை எல்லாம் சேர்ந்து, சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் தனியார் கிளினிக்குகளில் முளைத்த ஞானப்பல் ஒன்றுக்குச் சுமார் 1,000 முதல் 3,000 ரூபாய் வரையும், புதைந்த பல் ஒன்றுக்கு 4,000 முதல் 10,000 ரூபாய் வரையும் கேட்கப்படுவது வழக்கம். குளிரூட்டிய பெரிய சங்கிலிக் கிளினிக்குகளிலும் கார்ப்பரேட் மருத்துவமனைகளிலும் இதற்கு மேலும் ஏறும். சிறிய ஊர்களில் குறையும், ஏனென்றால் அங்கே வாடகையும் சம்பளமும் குறைவு.

லேசர், ரத்தத்திலிருந்து எடுத்த பிளேட்லெட் ஜெல்லைக் குழியில் வைப்பது போன்றவை மேற்கொண்டு விற்கப்படுகின்றன. சிலருக்குப் பயன் உண்டு என்றாலும் எல்லோருக்கும் வேண்டியவை அல்ல. வேண்டாம் என்று சொன்னால் அறுவை சிகிச்சை நின்றுவிடாது. ‘நான்கும் சேர்த்தால் தள்ளுபடி’ என்ற அறிவிப்பையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்து மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து எடுப்பது புத்திசாலித்தனம்: ஒரே ஓய்வு, ஒரே மருந்து, மறுபக்கத்தால் சாப்பிடலாம். மரத்துப்போகும் ஊசியில் நான்கையும் ஒரே நாளில் எடுத்தால் தள்ளுபடியில் மிஞ்சும் பணத்தைவிட, சாப்பிட முடியாமல் படும் பாடு பெரிது.

குறைந்த செலவில் எங்கே

அரசு மருத்துவமனைகளில் பல் எடுப்பது இலவசம், அல்லது பெயரளவுக்கு ஒரு கட்டணம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன; சிக்கலான பற்களை அவர்கள் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று. சென்னையில் உள்ளது 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்த ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி அரசின் கைக்கு வந்து கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரியாகியிருக்கிறது. புதுக்கோட்டைக் கல்லூரி 2023-ல் திறக்கப்பட்டது. புதுச்சேரியில் மகாத்மா காந்தி பெயரிலான பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கிறது.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் நல்ல வழி. சாதாரணப் பல்லுக்குச் சில நூறு ரூபாயும், புதைந்த பல்லுக்குச் சாதாரண கிளினிக் கட்டணத்தில் ஒரு பகுதியும்தான் வாங்குவார்கள். முதுநிலை மாணவர் கத்தி பிடிப்பார், பேராசிரியர் பக்கத்தில் இருப்பார். மாணவர் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் பலர். உண்மையில் கடினமான ஞானப்பற்கள் அதிகம் வந்து சேரும் இடங்கள் இவையே. சிக்கல் வந்தால் கைகொடுக்க மூத்தவர்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். இங்கே பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி, எக்ஸ்ரேவுக்கு ஒருநாள், அறுவைக்கு ஒருநாள், தையல் பிரிக்க ஒருநாள் என்று வந்துபோக வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்கும் இ.எஸ்.ஐ. உறுப்பினர்களும் அவர்கள் குடும்பத்தினரும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பல் சிகிச்சை பெறலாம். சம்பளத்தில் மாதாமாதம் பணம் பிடித்தும் இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்கக் கூடாது. பெரும்பாலான பாலிசிகள் விபத்தில் அடிபட்ட பற்களுக்கு மட்டுமே பணம் தரும். ஓ.பி. சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு சேர்த்திருந்தால்தான் ஞானப்பல் அதில் வர வாய்ப்பு. பாலிசி ஆவணத்தின் விலக்குப் பகுதியில் ‘பல் சிகிச்சை’ என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டால் கிளினிக் கவுன்டரில் ஏமாற்றம் இருக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நோய்க்கான மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஞானப்பல் எடுத்த கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் விளக்கம் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அறுவைக்கு முன்பே சிலருக்குக் கூடுதல் செலவு உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை, இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அவர்களின் மருத்துவரிடமிருந்து கடிதம் தேவைப்படும். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பின்னர் வாங்கும் மருந்துகள் பெரிய செலவல்ல. பாராசிட்டமால், ஐபூபுரோஃபென், தேவைப்பட்டால் அமாக்ஸிசிலின் ஆகியவை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் இப்படிப்பட்ட ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும். சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொன்னால் போதும்.

வீக்கம் இரண்டாவது, மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த இரண்டு மூன்று நாள் கூலிதான் பில்லில் எழுதப்படாத பெரிய செலவு. அதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மூன்று நாளைக்குப் பிறகு வலி குறையாமல் திடீரென்று கூடி, வாயில் துர்நாற்றம் வந்தால், குழியில் உறைந்த ரத்தம் கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைப்பார். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. சில கிளினிக்குகள் இந்த மறுவருகைகளை முதல் கட்டணத்திலேயே சேர்த்துவிடும், சில ஒவ்வொரு தடவையும் தனியாக வாங்கும். எது என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல், தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல்போல் வீங்கினால் நேரத்தையோ பணத்தையோ பார்க்கக் கூடாது. கீழ்க் கடைவாயில் தொடங்கிய சீழ் நாக்கின் அடியில் பரவி மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய பல், தீவிர சிகிச்சைப் பிரிவில் லட்சக்கணக்கில் போய் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கடைசியாக, ரசீது. பல் மருத்துவர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள்: வலது மேல் ஞானப்பல் 18, இடது மேல் 28, இடது கீழ் 38, வலது கீழ் 48. எந்த எண்ணுள்ள பல், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று ரசீதில் எழுதியிருக்க வேண்டும். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் சட்டத்தின் முன் பேசக்கூடியவை காகிதங்கள்தான். ஓ.பி.ஜி. படம், ஒப்புதல் படிவத்தின் நகல், பல் எண் எழுதிய ரசீது ஆகிய மூன்றையும் கையில் வாங்காமல் கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள்.